அண்ணன் கொடுத்த கார்

புரட்டாசிக் கடைசியில் கோவிந்தராசு தன் பழைய காரைச் சென்னையிலிருந்து ஓட்டிவந்து, நீடாமங்கலத்தில் தங்கை கலைமகளின் வீட்டு வாசலில் நிறுத்தினான். சாவியை அவள் கையில் வைத்தான்.

"இனிமே தஞ்சாவூருக்கு பஸ்ல இடிபட வேணாம் கலை. அம்மாவையும் நோவாம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்."

கூரையில் திறந்து மூடும் கண்ணாடி வைத்த கார். சன்ரூஃப் வைத்த வண்டி அந்தத் தெருவில் வேறு யாரிடமும் இல்லை. உள்ளே மல்லிகை செண்ட் கமகமவென்று மணத்தது. கலைமகள் அன்று சாயங்காலமே அம்மாவை ஏற்றிக்கொண்டு கோயில்வரை ஓட்டிப்போய் வந்தாள்.

அவள் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்கிறவள். கலைமகளின் கணவன் இறந்த பிறகு அம்மா தர்மாம்பாள் அவளோடுதான் இருந்தாள். அப்பா பிள்ளைகள் இருவர் பேருக்கும் எழுதிவைத்துப் போன, ஏறக்குறைய ஏழு ஏக்கர் வரும் ஒரு வேலி நிலத்தையும் கலைமகள்தான் பார்த்துக்கொண்டாள். நாற்று விடுவதில் தொடங்கி, கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு காத்துக் கிடப்பதுவரை எல்லாம் அவள் பாடு. அண்ணன் கத்தாரில் இருந்தான்; அவன் வீடும் குடும்பமும் சென்னையில். லீவில் வந்தால் வரப்பில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

இந்தமுறை அவன் வந்த காரியம் வேறு. நிலத்தை மனைக்கு விற்க ஆள் பார்த்து வைத்திருந்தான்.

"உனக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே. இப்ப வண்டியும் குடுத்துட்டேன். உன் பாகம் வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு."

கலைமகள் சரி என்றாள். அண்ணன் பேச்சுக்கு அவள் மறுபேச்சுப் பேசிப் பழக்கமில்லை. ஐப்பசிக் கடைசியில் பதிவுக்கு நாள் குறித்துவிட்டு, அவன் சென்னைக்குத் திரும்பினான்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. காரில் செண்ட் வாசனை போய் ஈரச் சாக்கு நாற்றம் வந்தது. தர்மாம்பாளுக்கு இளைப்பு கூடியது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் முன் சீட்டில் உட்கார்ந்து வருவாள். வீடு திரும்புவதற்குள் மூச்சு விசில் அடிக்கும். ஒருநாள் அம்மாப்பேட்டை தாண்டும்போது மேலே இருந்த விளக்கின் இடுக்கிலிருந்து தண்ணீர் கொட்டி அம்மாவின் தலையும் மடியும் நனைந்தன. அன்று ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

"வீட்டுல எங்கயாவது பூஞ்சணம் பூத்திருக்கா?" என்று நெஞ்சு மருத்துவர் கேட்டார்.

வீட்டில் இல்லை. கலைமகள் காருக்குப் போய் முன் சீட்டுக்குக் கீழே கிடந்த கால்மிதியைத் தூக்கினாள். அதன் அடியில் தரைவிரிப்பைப் பிய்த்துப் பார்த்தாள். பஞ்சு முழுவதும் ஊறி, கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒரு மழைக்கு வந்ததல்ல அது. வருஷக்கணக்கில் வளர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. போனில் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, கலைமகள் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி, சன்ரூஃப் கண்ணாடியைத் திறந்தாள். கண்ணாடி எவ்வளவு நன்றாக மூடினாலும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அதைத் தாங்கிக்கொள்ளச் சுற்றிலும் ஒரு தகட்டு வாய்க்கால். அதன் நான்கு மூலையிலும் ஒரு துளை; துளையிலிருந்து வண்டிக்கு அடியில் இறங்குகிற குழாய். ஒரு சொம்புத் தண்ணீரை ஒவ்வொரு மூலையிலும் ஊற்றிவிட்டுக் கீழே குனிந்து பார்த்தாள். எந்தச் சக்கரத்தின் பக்கத்திலும் ஒரு சொட்டு விழவில்லை. முன் மூலைகளில் ஊற்றியது தகட்டிலேயே தேங்கி நின்றது; பின் மூலைகளில் ஊற்றியது காருக்குள்ளேயே இறங்கி மறைந்தது.

மறுநாள் கூத்தாநல்லூருக்கு ஓட்டிப்போனாள். ஷார்ஜாவில் இந்த மாதிரி வண்டிகளில் வேலை பார்த்துத் திரும்பிய சமீர் அங்கே ஒரு ஷெட் வைத்திருந்தான். அவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சிரித்தான்.

"இந்த வண்டி போன மாசமே நம்மகிட்ட வந்துச்சுக்கா. நாலு குழாயும் போச்சு, மேல்துணியக் கழட்டி மாத்தணும்னு சொன்னேன். அதெல்லாம் வேணாம், கார்ப்பெட்டக் காயவச்சு செண்ட் அடிச்சுக் குடு போதும்னுட்டாரு. ஊர்ல ஒரு பைத்தியம் இருக்காம், அது தலையில கட்டிடப் போறாராம்." அப்புறம் ஏதோ தோன்றி, "நீங்க யாருகிட்ட வாங்குனீங்க?" என்றான்.

"அந்தப் பைத்தியம் நான்தான் தம்பி."

சமீரின் முகம் செத்துப்போயிற்று. "எனக்குத் தெரியாதுக்கா" என்றான். கலைமகள் தலையை ஆட்டினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. காதுமடல் மட்டும் சுட்டது. அண்ணன் ஏமாற்றியதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பெற்றவள் இந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரி போவாள் என்று அவன் வாயாலேயே சொன்னானே, அதுதான் பொறுக்கவில்லை.

கூரையின் உள்பக்கத்தை மூடியிருந்த மேல்துணியைச் சமீர் இறக்கினான். பின்பக்கக் குழாய்கள் இரண்டும் வெடித்திருந்தன. முன்பக்கத்தவை சேறும் சருகும் ஏறிக் கல்லாய் அடைத்திருந்தன. தகடு துருப்பிடித்துத் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. மத்தியானத்துக்குள் மூன்று குழாய்களை மாற்றிவிட்டு நான்காவதில் கை வைத்தான்.

"அத விட்டுருங்க" என்றாள் கலைமகள். "இடப்பக்கம் முன்னால இருக்கிறது அப்படியே அடைச்சிருக்கட்டும்."

"அது டிரைவர் பக்கத்து சீட்டுக்கா. ரோடு எப்பவும் இடப்பக்கம் சரிவாத்தான் இருக்கும். தண்ணி பூரா அந்த மூலைக்குத்தான் வரும். பிரேக் போட்டா ஆள் மேலதான் கொட்டும்."

"கொட்டட்டும்."

சமீர் அவளைப் பார்த்தான். பிறகு மேல்துணியை ஏற்றினான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அம்மாவிடம் கலைமகள் எல்லாவற்றையும் சொன்னாள். தர்மாம்பாள் சுவரைப் பார்த்தபடி, "அவனுக்குத் தெரிஞ்சிருக்காதுடி" என்றாள். அண்ணன் போனில் கூப்பிடும்போதெல்லாம், "வாண்ணே, கையெழுத்துதானே, போட்டுடலாம்" என்று கலைமகள் பாசமாகவே சொன்னாள்.

பதிவு நாளன்று விடியற்காலை முதலே அடைமழை. கோவிந்தராசு ரயிலில் வந்து இறங்கினான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பத்திரப் பை. அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தான்.

"வண்டி எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுதுண்ணே."

ரயில்வே கேட் மூடிக்கொண்டிருந்தது. கலைமகள் வேகத்தைக் குறைக்காமல் கிட்டேபோய்ச் சட்டென்று பிரேக்கை மிதித்தாள். விளக்கின் இடுக்கிலிருந்து பழுப்புத் தண்ணீர் சடசடவென்று இறங்கியது. கோவிந்தராசு பையைத் தூக்கித் தலைக்குமேல் பிடித்தான். பிடிப்பதற்குள் சட்டை, வேட்டி, மடி எல்லாம் துருநீர்.

"என்ன கலை இது, மேலேர்ந்து ஊத்துது. கண்ணாடி மூடலியா?"

"மூடித்தான் இருக்கு. நாலு குழாய்ல மூனை சரிபண்ணிட்டேன். ஒன்ன மட்டும் விட்டுவச்சிருக்கேன்."

"ஏன் விட்டு வச்ச?"

"அங்கதானே நீ உக்காருவ."

முன்னும் பின்னும் வண்டிகள். வெளியே கொட்டுகிற மழை. அவன் கதவைத் திறக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நெளிந்தான்.

"சமீரு ஏதாவது ஒளறுனானா?"

"நான் யாரு பேரையும் சொல்லலியே" என்றாள் கலைமகள்.

அவன் பையிலிருந்த தண்ணீரை உதறினான்.

"இதே சீட்லதான் அம்மா உக்காந்து போனாங்க" என்றாள் அவள். "நாலு நாள் ஆக்சிஜன் வச்சிருந்தாங்க. உனக்கு போன்ல சொன்னப்ப, வயசானா அப்படித்தான்னு சொன்ன."

ரயில் கடந்துபோனது. கேட் திறந்தது. கோவிந்தராசு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, விடு. புதுசாவே ஒரு வண்டி எடுத்துத் தர்றேன். மொதல்ல கையெழுத்தப் போடு" என்றான்.

அதுவரைக்கும் அவள் மனதில் ஓர் ஓரத்தில் இரக்கம் மாதிரி ஏதோ இருந்தது. அந்தப் பேச்சோடு அதுவும் போயிற்று. வழியில் வந்த வேகத்தடை ஒவ்வொன்றிலும் பிரேக்கை அழுத்தி மிதித்தாள்.

பதிவு அலுவலகத்தில் மனை வாங்குகிறவர் குடையோடு காத்திருந்தார். கோவிந்தராசைப் பார்த்து, "என்ன தம்பி, வாய்க்கால்ல விழுந்துட்டீங்களா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றான்.

அவர்கள் முறை வந்தது. சார்பதிவாளர் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "உங்க பாகத்த அண்ணனுக்கு விட்டுக் கொடுக்கிறீங்க. முழுச் சம்மதந்தானம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. எனக்குச் சம்மதமில்லை."

கோவிந்தராசு, "கலை" என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. சார்பதிவாளர் பத்திரத்தை நகர்த்தி வைத்துவிட்டு அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார். கலைமகள் வெளியே வந்து காரை எடுத்துக்கொண்டு நேரே கூத்தாநல்லூர் போய், நான்காவது குழாயையும் மாற்றிக்கொண்டு வீடு திரும்பினாள். அண்ணன் எப்படி ஊர் வந்து சேர்ந்தான் என்று அவள் கேட்கவில்லை.

கத்தாருக்கு அவன் திரும்ப வேண்டிய நாள் நெருங்கியது. கோர்ட்டுக்குப் போனால் முடிய வருஷக்கணக்காகும் என்று அவனுடைய வக்கீல் சொன்னார். கடைசியில் அவனே பாதிப் பாதி பிரித்துக்கொள்ளலாம் என்று இறங்கிவந்தான். கலைமகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ரோட்டோரப் பாதி எனக்கு. உள்பக்கம் உனக்கு."

அவன் உடனே சம்மதித்தான். உள்பக்கத்துக்குப் போக வாய்க்கால் கரையில் டிராக்டர் பாதை இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான். அது கஜா புயல் வருஷத்திலேயே கரைந்து போய்விட்டது. வருஷாவருஷம் நடவுக்கும் அறுப்புக்கும் அந்தக் கரையில் நடந்தவளுக்கு அது தெரியும். வரப்பில் நின்று படம் எடுத்தவனுக்குத் தெரியாது.

பாகப்பிரிவினை பதிவானது. தர்மாம்பாள் மகள்மேல் கோபித்துக்கொண்டு மகன் வீட்டுக்குச் சென்னை போனாள். போகிற அன்று, "கூடப் பொறந்தவன நடுரோட்டுல நனைய வச்சவ" என்று மட்டும் சொன்னாள். மாத்திரை டப்பாவையும் இழுப்பு மருந்தையும் கலைமகள்தான் பையில் எடுத்து வைத்தாள். போகாதே என்று சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

வழி இல்லாத மனை எங்களுக்கு எதற்கு என்று வாங்க வந்தவர் ஒதுங்கிக்கொண்டார். தை மாதத்தில் கலைமகளின் வயலில் அறுவடை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

"ஓரமா ஒரு வண்டி போற அளவுக்கு எடம் விட்டியானா, அவன் பாதிய வித்துடுவானாம். எவ்வளவு கேட்டாலும் தர்றேங்கறான்."

"அவனையே வந்து கேக்கச் சொல்லும்மா."

"வந்தா விடுவியா?"

இயந்திரம் திரும்பி அவள் நின்ற பக்கம் வந்தது. கலைமகள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"மாட்டேன்" என்றாள். "ஆனா அவன் வந்து கேக்கணும்."