காரிந்தா மிதந்துகொண்டிருந்தது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. லிவர்பூலில் நான் பல ஆண்டுகளாகப் போய்வரும் தேவாலயத்தின் சுவரில் ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது: “காரிந்தா இறுதிவரை உறுதியாக நின்றது.” போன மாதம் அதைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி கையை நிறுத்தாமலே, “பொய்” என்றார். அந்தக் கப்பலில் கணவனை இழந்த ஹெஸ்டர் மோல்ட் அவருடைய பெரியம்மா. மற்றதெல்லாம் அவர் சொல்லித் தெரிந்தது. இட்டு நிரப்பியது நான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அட்லாண்டிக்கின் கரிய அலைகள்மேல் மௌனமாக…’

வேண்டாம். அலைகள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஹெஸ்டரின் கணவன் பெர்சி, காரிந்தா என்ற பயணிகள் கப்பலில் முதல் வகுப்பில் உணவு பரிமாறியவன். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கடற்படை கப்பலை எடுத்துக்கொண்டது. பியானோவை இறக்கி, சாம்பல் நிறம் பூசி, முந்தைய போரின் பழைய பீரங்கிகளை ஏற்றினார்கள். பெர்சியைக் குண்டு தூக்க வைத்துக்கொண்டார்கள்.

விடுப்பில் வந்தவன் சமையலறையில் உட்கார்ந்து சொன்னான்: “சூப்பு பரிமாறின கையால இப்ப குண்டு பரிமாறறேன்டி.”

“உன் சூப்பைக் குடிச்சவனே பொழைச்சுக்கிட்டான். ஜெர்மன்காரனுக்கு என்ன ஆயிடப்போவுது?”

“சிரி, சிரி. கப்பலோட அடித்தட்டு பூரா காலிப் பீப்பாய் அடைச்சிருக்காங்க. ஓட்டை விழுந்தாலும் முழுகாதாம். மிதக்குமாம்.”

“மிதந்து, அப்புறம்?”



(இதை ஹெஸ்டர் கேட்டாளா என்பது தெரியாது. கேட்கவேண்டியவர்கள் கேட்காததால் அவளைக் கேட்கவைத்தேன்.)

3

ஜெர்மன் நீர்மூழ்கி அடித்துக் காரிந்தா முழுகிப்போனபின், தப்பி வந்த கல்ஷா ஹெஸ்டரைத் தேடி வந்தான். கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுபவன். இரண்டு கைகளிலும் கட்டு.

“முதல் அடி இஞ்சின்கிட்ட. நான் எப்படியோ மேல ஏறிட்டேன். அப்பவே எல்லாரையும் படகுல இறக்கியிருக்கலாம். மிதக்குற கப்பலை விட்டுட்டுப் போகக்கூடாதுன்னு கரையிலேருந்து உத்தரவு.”

“பெர்சி?”

“பீரங்கிகிட்ட. எதைச் சுடறது சொல்லு? ஜெர்மன்காரன் தண்ணிக்கடியில இருக்கான். ரெண்டாவது அடிச்சான், மூணாவது அடிச்சான். ஓட்டை வழியாப் பீப்பாய் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. எல்லாம் போனப்புறம்தான் கப்பல் சாஞ்சுது. அதுவரைக்கும் உன் ஆளு, ‘அடுத்த அயிட்டம் வருதுங்க ஐயா’ன்னு சொல்லிச் சொல்லிக் குண்டை எடுத்துக் குடுத்தான். நாங்க சிரிச்சோம், ஹெஸ்டர். மன்னிச்சுக்கோ.”

[கடைசியில் பெர்சி ஹெஸ்டரை நினைத்தபடி, அவளுடைய… இந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். யாருக்கும் தெரியாததைச் சொல்லி உங்களை அழவைப்பது மோசடி.]

4

அதே தேவாலயத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் கடற்படை அதிகாரி ஒருவர் பேசினார்.

“பல மணி நேரம் மிதந்தது காரிந்தா. நமது முன்னேற்பாடுகளுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.”

ஹெஸ்டர் எழுந்தாள். “ஒண்ணு கேக்கணும்.”

“அம்மா, உங்கள் துயரம் எங்களுக்கு…”

“துயரத்தைப் பத்தி நான் பேசலை. கப்பல் மிதந்துச்சு, சரி. அவ்வளவு நேரமும் ஆளுங்களை ஏன் இறக்கலை? காலிப் பீப்பாயெல்லாம் வெளிய போச்சு. என் புருஷனைப் போகவிடலையே, ஏன்?”

போதகர் கண்ணைக் காட்டினார். ஆர்கன் பாட்டு முழங்கத் தொடங்கியது.

5

ஒரு முடிவு எழுதினேன்: அதிகாரி தலைகுனிந்தார். கிழித்துப் போட்டேன். குனிகிற தலைகள் அப்படி உத்தரவு போடுவதில்லை.

இன்னொன்று: கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. அதுவும் இல்லை. கல்ஷா ஒருவன்தான் எழுந்தான்.

நடந்தது இது: பாட்டு முடியும்வரை ஹெஸ்டர் நின்றாள். முடிந்ததும் அதே கேள்வியைக் கேட்டாள். மறுபடி ஆர்கன். மறுபடி கேட்டாள்.

யாராவது அவள் தோளை அழுத்தி உட்காரவைத்திருப்பார்கள். அதை நான் எழுதமாட்டேன். இந்தப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டுதான் இருக்கிறாள். உட்காரவைப்பதானால் நீங்களே வாருங்கள். வெறுங்கையோடு வராதீர்கள், அவள் கேட்டதற்குப் பதில் கொண்டுவாருங்கள்.