கூரைக்கு மேலிருந்து ஒரு குரல்

ஆலங்கட்டி மழை பெய்தது மொத்தமே இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் ஊரில் பாதிக் கார்களுக்கு அம்மை வார்த்துவிட்டது. மறுநாள் காலையிலிருந்து கம்பிக்காரரின் பட்டறை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. கூரையில் ஐம்பது குழி, கதவில் பத்துக் குழி என்று ஆளாளுக்குத் தங்கள் வண்டியின் துக்கத்தைச் சொல்லி அழாத குறைதான். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்திருந்தால்கூட இவ்வளவு பதறியிருக்க மாட்டார்கள்.

கம்பிக்காரர் என்பது ஊர் வைத்த பேர். பெயிண்டைச் சுரண்டாமல், குழியை நிரப்பப் பட்டி பூசாமல், தகட்டின் உள்பக்கத்திலிருந்து நீளக் கம்பியால் நெம்பி நெம்பி ஒடுக்கு எடுப்பது அவர் தொழில். அவர் கைக்கு அப்படி ஒரு பக்குவம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஏழு வருஷமாக அவருக்குப் பார்வையில் நடுப்பகுதி கிடையாது. ஓரமெல்லாம் தெரியும், நேராக எதைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு சாம்பல் திட்டு. எதிரில் நிற்கிறவரின் காது தெரியும், மூக்கு தெரியாது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அரிசி அளவு குழியை எங்கே பார்ப்பது?

பார்த்தது அவர் மனைவி. காருக்குள் சீட்டைச் சாய்த்து, உள்கூரைத் துணியைக் கழற்றிவிட்டு, அவர் மல்லாந்து படுத்துக் கம்பியை ஏற்றுவார். வெளியே முக்காலி மேல் அவள் நிற்பாள். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட விளக்குப் பலகையைக் கூரைக்கு நேரே சாய்த்து வைத்தால், கோடுகள் பெயிண்டில் விழும். குழி உள்ள இடத்தில் கோடு வளையும். குழி ஏற ஏறக் கோடு நிமிரும். "இடது... இன்னும் இடது... மேலே..." என்பாள். கடைசியில் "போதும்." அவள் பேசாமல் இருந்தால் அழுத்திக்கொண்டே இருக்கலாம் என்று அர்த்தம். வருகிறவர்கள் அவளைக் கையாள் என்று நினைத்தார்கள். "அம்மா கூடமாட ஒத்தாசையா இருக்காங்க போல" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனதற்கு, இரண்டு பேரும் அன்றைக்கு முழுக்கச் சிரித்தார்கள்.

"வீட்டிலயும் இதே மாதிரி நான் சொல்றதைக் கேட்டா எவ்வளவு நல்லா இருக்கும்" என்பாள்.

"வீட்டிலயும் இதே மாதிரி நாலே வார்த்தை பேசினா கேக்க மாட்டேனா?" என்பார்.

மூன்று மாதத்துக்கு முன் மகள் போனில் சொன்னாள்: "அப்பா, அம்மா ஒரே கேள்வியை நாலு தடவை கேக்கிறாங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க." அவர் கவனிக்காமல் இல்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கச் சாவி தேடுகிறவளை எப்படிக் கவனிக்காமல் இருப்பது? வயசானால் எல்லோருக்கும் வருவதுதான் என்று மழுப்பினார். பிறகு மழை வந்தது. இந்த வண்டிகள் முடியட்டும் என்றார். உண்மையில் அவருக்குப் பயம். டாக்டர் அதற்கு ஒரு பேரைச் சொல்லிவிட்டால் அவள் முக்காலியை விட்டு இறங்கிவிடுவாள், தன் தொழிலும் அன்றோடு போய்விடும் என்ற பயம். இப்படி நினைத்ததற்காக அவர் பின்னால் தன்னை மன்னிக்கவே இல்லை.

மழைக்கு ஒரு மாதம் கழித்து ஒரு நாள் பட்டறையில் நின்றது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கருநீலக் கார். மதியத்துக்குள் கூரையில் முக்கால்வாசி முடிந்துவிட்டது. தகரக் கொட்டகை காய்ந்து இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடிவாதமாக ஒரு குழி. "வலது" என்றாள். "மேலே" என்றாள். அப்புறம் பேச்சில்லை. அவர் அழுத்தினார். பேச்சில்லை. தகடு நிமிர்ந்துவிட்டது என்று கை சொன்னது. ஆனால் ஒரு தடவை கையை நம்பி நிறுத்திவிட்டு அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். சொல்லுவாள் என்று இன்னொரு அழுத்து அழுத்தினார். மேலே "அது... அது வந்து..." என்று முனகல் கேட்டது. அடுத்த அழுத்தில் டிக் என்று ஒரு சத்தம், நகம் முறிகிற அளவுக்கு. அது என்ன சத்தம் என்று அவருக்குத் தெரியும். பெயிண்ட் வெடித்துவிட்டது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"கண்ணை எங்கே வெச்சிருந்தே? தூங்கிட்டியா? இத்தனை வருஷத்துல ஒரு வண்டிக்குப் பெயிண்ட் போனதில்லை. வாத்தியாருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

வாய்க்கு வந்தபடி கத்தினார். ஒன்றுக்கு ஒன்பதாகத் திருப்பிக் கொடுக்கிறவள் வாயை மூடிக்கொண்டு நின்றதில்தான் அவருக்குத் திக்கென்றது.

"என்னாச்சு?"

"எல்லாம் தெரிஞ்சுதுங்க. கோடு நிமிர்ந்தது தெரிஞ்சுது. மேடு தட்டினது தெரிஞ்சுது. நிறுத்தணும்னு தெரிஞ்சுது. அதுக்கு ஒரு வார்த்தை சொல்லுவேனே... அது வரலை."

"போதும்" என்றார்.

"ஆங், போதும்." புதிதாக அறிமுகமானவரின் பேரைக் கேட்டுக்கொள்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். "போதும்."

 அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம். தப்பு என்மேலதான். எப்பவோ கூட்டிட்டுப் போயிருக்கணும்."

"நான் போயிட்டு வந்துட்டேன்."

"எப்போ?"

"மழை பெஞ்ச அடுத்த வாரம். தலைவலி மாத்திரை வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னிக்கு. இப்பதான் ஆரம்பம்னு சொன்னார். திரும்பிச் சரியாகாதுன்னும் சொன்னார்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"வாசல் பூரா வண்டி நின்னுச்சு. சொன்னா நீங்க கம்பியைக் கீழே போட்டுடுவீங்க. முடியிற வரைக்கும் நின்னு பார்த்துடலாம்னுதான்."

அவர் தள்ளிப்போட்டது தனக்காக. அவள் மறைத்ததும் அவருக்காகத்தான். அந்த வெட்கம் தாங்காமல் அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து இடது உள்ளங்கையை நீட்டினாள். "தினம் காலையில எழுதிக்கிட்டுத்தான் முக்காலி ஏறுவேன். இன்னிக்கு வேர்வையில போயிடுச்சு."

குழியைச் சுற்றி வட்டம் போடுவதற்கான, துடைத்தால் போய்விடும் மார்க்கரில் எழுதியிருந்தாள். அவர் அந்தக் கையை முகத்துக்கு அருகே கொண்டுவந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் எழுத்துக் கூட்டிப் படித்தார். இடது. வலது. மேலே. நாலாவது இருந்த இடத்தில் வெறும் நீலக் கறை.

அதற்கும் கீழே, மணிக்கட்டில், இன்னொரு வார்த்தை. வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை மட்டும் சாதாரணப் பேனாவால் இரண்டு தடவை அழுத்தி எழுதியிருந்தாள். இருபத்தாறு வருஷமாக "ஏங்க" என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லி அவரைக் கூப்பிடாதவள் அங்கே எழுதி வைத்திருந்தது அவருடைய பெயர்.

"இது எதுக்கு?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

"போன வாரம் ஒரு நாள் காலையில எழுந்தேன். பக்கத்துல படுத்திருக்கிறது யாருன்னு தெரியலைங்க" என்றாள். "கொஞ்ச நேரந்தான்."