பெரிய மேஜையில் ஒரு நாற்காலி

வெண்டலுக்கு வயது ஐம்பத்தொன்று. அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் அவன் ஊர்த் தீயணைப்பு நிலையத்துக்கு அவன்தான் தலைவன். ஒரு குரல் கொடுத்தால் மொத்த நிலையமும் பூட்ஸை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிடும். அப்பேர்ப்பட்டவன் ஒவ்வொரு நவம்பரிலும், நன்றி சொல்லும் திருநாளன்று, அப்பா வீட்டில் சின்னப் பிள்ளைகள் மேஜையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் முள்கரண்டியால் வான்கோழி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கறியை அம்மாவே பொடிப்பொடியாக வெட்டிக் கொடுத்துவிடுவாள். சின்ன மேஜைக்குக் கத்தி கிடையாது. மெழுகுவர்த்தியும் கிடையாது, பிள்ளைகள் நெருப்போடு விளையாடக் கூடாது என்பதால்.

இதில் யாரையும் நோக முடியாது. வீட்டுச் சட்டம் அப்படி. பெரிய மேஜைக்குப் பத்து நாற்காலி. ஒன்று காலியானால்தான் சின்ன மேஜையிலிருந்து ஒருவர் மேலே போகலாம். தாத்தா காலத்தில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. பையனுக்கு மீசை அரும்புவதற்குள் யாராவது ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுவார். வெண்ணெயும் பன்றிக்கொழுப்பும் சிகரெட்டும் அவ்வளவு ஒத்தாசையாக இருந்தன. இப்போது யார் சாகிறார்கள்? முட்டியை மாற்றிக்கொள்கிறார்கள். இதயத்துக்குள் குழாய் வைத்துக்கொள்கிறார்கள். விடிந்ததும் விடியாததுமாக நீச்சல் குளத்தில் கும்பலாக இறங்கிக் கையைக் காலை ஆட்டுகிறார்கள்.

போதாக்குறைக்கு விவாகரத்து வேறு. மெர்ல் பெரியப்பாவும் டோரிஸ் பெரியம்மாவும் பிரிந்தபோது ஒரு நாற்காலியாவது தேறும் என்று வெண்டல் உள்ளூர மகிழ்ந்தான். பாவம், சின்னப் புத்திதான், ஆனால் மகிழ்ந்தான். டோரிஸோ, "நான் மெர்லத்தான் விட்டேன், வான்கோழிய விடல" என்று சொல்லி வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். பெரியப்பாவின் புது மனைவிக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. டோரிஸின் புதுப் புருஷனுக்கு இன்னொன்று. ஒரு கல்யாணம் முறிந்ததில் வெண்டலுக்கு இரண்டு நாற்காலி நஷ்டம்.

சின்ன மேஜையிலோ ஆளே இல்லை. ஒரு காலத்தில் அங்கே பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். இந்தக் குடும்பத்தில் பிள்ளை பெறும் வழக்கம் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது, சத்தமில்லாமல் நின்றுவிட்டது. இப்போது அங்கே வெண்டல், அக்கா மகள் டெஸ்ஸா, டெஸ்ஸாவின் இரண்டு நாய்கள், அவ்வளவுதான். நாய்களுக்குக் கழுத்தில் துணி கட்டி, நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்திருப்பாள்.

"மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. வின்ஸ்டனுக்கு இடிக்குது. உங்களுக்குப் பேரன் முறை, கொஞ்சம் பாசமா இருந்தாத்தான் என்னவாம்?"

பேரன் வெண்டலின் தட்டையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பான்.

இதையெல்லாம் வெண்டல் முப்பது வருஷத்துக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டான். இந்த வருஷம் முடியாது. இந்த வருஷம் ரமோனா வருகிறாள். பல் ஆஸ்பத்திரியில் ஊராருக்குப் பல் சுத்தம் செய்பவள், யாருக்கும் பயப்படாதவள். வெண்டல் கல்யாணப் பேச்சை எடுத்தபோது அவள் பட்டென்று சொன்னாள்.

"ஏற்கனவே ஒருத்தனக் கட்டிப் பாத்துட்டேன். நாப்பது வயசுலயும் அவனுக்கு அவங்கம்மாதான் சாக்ஸ் எடுத்து வச்சாங்க. இன்னொரு பிள்ளைய வளக்க என்னால ஆகாது. உங்க வீட்ல நீ எப்படி இருக்கேன்னு பாத்துட்டுத்தான் பதில் சொல்வேன்."

 வெண்டல் அன்றே அப்பாவுக்கு போன் போட்டான்.

"அப்பா, இந்த ஒரு தடவ எனக்குப் பெரிய மேஜைல இடம் குடுங்கப்பா."

அப்பா ஆர்விலுக்கு மகன்மேல் இரக்கம் இல்லாமலில்லை. "கொஞ்சம் பொறுடா. மெர்லுக்கும் எண்பத்தி மூணாச்சு."

"போன மாசம் அவரு ஓட்டப்பந்தயத்துல ஓடினாருப்பா!"

"அதத்தான் சொல்றேன். அந்த வயசுல அப்படி ஓடினா எத்தன நாள் தாங்கும்?"

தாங்கிவிட்டது. திருநாளன்று மெர்ல் பெரியப்பா பந்தயத்தில் கொடுத்த பனியனைப் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்.

ரமோனா பூசணிக்காய் வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டத்தோடு வந்தாள். அம்மா மாவிஸ் அவளைக் கட்டிப்பிடித்து வரவேற்று, நேரே சின்ன மேஜைக்குக் கூட்டிப்போனாள். வெண்டல் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தபோது முட்டி இரண்டும் தாடைக்கு வந்தன. கோட்டுப் பையில் மோதிரம் இருந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வின்ஸ்டன் ரமோனாவின் முழங்கையை நக்கியது. 

மாவிஸ் வெட்டிய கறியோடு வந்து மகன் முன்னால் வைத்தாள். "சூடா இருக்கு கண்ணு, ஊதி ஊதிச் சாப்பிடு."

ரமோனா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "வெண்டல், உன் கறிய யாரு வெட்டினது?"

வெண்டலுக்குக் காது மடல்வரை கொதித்தது. எரிகிற வீட்டுக்குள் நுழைந்தபோதுகூட அவனுக்கு இப்படிக் கொதித்ததில்லை. விருட்டென்று எழுந்தான். நாற்காலியும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு எழுந்தது. அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பெரிய மேஜைக்குப் போய் நின்றான்.

"எனக்கு ஒரு நாற்காலி வேணும். இப்பவே வேணும்."

மேஜையில் இருந்த அத்தனை பேரும் மெர்ல் பெரியப்பாவைப் பார்த்தார்கள்.

"என்ன ஏண்டா பாக்குறீங்க?" என்று அவர் சீறினார். "எனக்கு ரத்த அழுத்தம் இருபது வயசுப் பையனுக்கு இருக்கிற மாதிரி இருக்காம். டாக்டரே சொல்லிட்டாரு."

"ரெண்டாவது பொண்டாட்டிய எழுப்புங்க" என்றாள் டோரிஸ்.

"மொத பொண்டாட்டி எந்திரிக்கட்டும்" என்றாள் இரண்டாவது மனைவி.

"என்னோடத எடுத்துக்கடா" என்றாள் மாவிஸ். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

ஆர்வில் திகைத்தார். "நீ எங்க உக்காருவ?"

"நாய் பக்கத்துல."

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய், ரமோனாவுக்கும் வின்ஸ்டனுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

வெண்டல் பெரிய மேஜையில் உட்கார்ந்தான். என்ன உயரமான நாற்காலி! எஃகுக் கத்தி, கண்ணாடிக் கிண்ணம், எதிரே மெழுகுவர்த்தி. மார்பை நிமிர்த்தி ரமோனா பக்கம் ஒரு பார்வை பார்த்தான். கத்தியைக் கையில் எடுத்தான்.

"வெண்டல், கிரேவி" என்றார் பெரியப்பா.

தன்னை ஏன் கேட்கிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. அந்த நாற்காலிதான் சமையலறைக் கதவை ஒட்டி இருந்தது. போய் எடுத்து வந்தான். உட்காரும்போதே டோரிஸ் வெண்ணெய் கேட்டாள். அவள் புருஷனுக்கு உப்பு இல்லாத வெண்ணெய் வேண்டியிருந்தது. அக்காவுக்கு ரொட்டி. அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் கிரேவி, முதல் கிரேவி ஆறிவிட்டதாம். கேட்டவர்கள் யாரும் தலையை நிமிர்த்தவில்லை. அவர்கள் மனிதனிடம் கேட்கவில்லை, நாற்காலியிடம் கேட்டார்கள்.

ஒருவழியாக வந்து உட்கார்ந்தபோது அவன் தட்டில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. வெண்டல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இத்தனை வருஷம் இந்த மேஜையை அங்குலம் அங்குலமாகக் கண்காணித்தவன் அவன். யாருக்கு இருமல், யாருக்கு மூச்சு வாங்குகிறது என்பதெல்லாம் அத்துப்படி. அம்மா ஒரு வாய் சாப்பிட்டு அவன் பார்த்ததே இல்லை. அந்த நாற்காலியில் யாரும் உட்கார்ந்ததே இல்லை. அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

அப்போது சின்ன மேஜையிலிருந்து மாவிஸின் குரல் கேட்டது. ஐம்பத்து மூன்று வருஷமாக அந்த வான்கோழியைச் சமைத்தவள் ரமோனாவிடம் ஆச்சரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அட, இது சூடா இருந்தா இவ்வளவு நல்லாருக்குமா!"

"வெண்டல்," என்றார் ஆர்வில், தட்டைப் பார்த்தபடியே, "உருளைக்கிழங்கு தீந்துபோச்சு."

"அடுப்பு மேல இருக்குப்பா. போய் எடுத்துக்குங்க."

பத்து நாற்காலியும் உறைந்து போயின. டோரிஸ் பாதி மென்றதை விழுங்காமல் வைத்திருந்தாள். மெர்ல் பெரியப்பா தன் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

"வெண்டல்," என்று ரமோனா அங்கிருந்தே கூப்பிட்டாள். "உன் சாப்பாடு ஆறிப்போச்சு. இங்க வா, இங்க சூடா இருக்கு. வரும்போது கத்தி எடுத்துட்டு வா. வந்ததுலேர்ந்து கோட்டுப் பைல எதையோ தடவிக்கிட்டே இருக்கியே, அதையும் எடுத்துட்டு வா."

வெண்டல் கத்தியை எடுத்துக்கொண்டு போனான். கால் தரையில் பாவவில்லை. டெஸ்ஸா ஒரு நாயைத் தூக்கி மடியில் வைத்து அவனுக்கு இடம் கொடுத்தாள்.

பின்னால் ஆர்வில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சமையலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தார், அது தன் பக்கம் இழுக்க வேண்டிய கதவு. உள்ளே போய் ஏதேதோ இழுப்பறைகளைத் திறந்து மூடினார். பிறகு அங்கிருந்து, வழி தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டவரின் குரலில் கேட்டார்.

"மாவிஸ், நம்ம வீட்ல கரண்டியெல்லாம் எங்க இருக்கும்?"

மாவிஸின் காதில் நன்றாகவே விழுந்தது. அவள் தட்டை நீட்டி, டெஸ்ஸாவிடம் இன்னொரு துண்டு கறி கேட்டு வாங்கிக்கொண்டாள்.