குறை சொல்ல முடியாத படகு

“அந்தத் தேக்குத் தளத்தைப் பாத்தியா லோர்னா, இப்படி வேலை செய்ய இனிமே எவன் இருக்கான்...” “தேக்குக்கு அடியில அழுகிக் கெடக்குன்னு நீதான சொன்ன...” “அழுகினத மாத்திருவேன், ரெண்டு குளிர்காலம் குடு போதும்...” “ரெண்டு குளிர்காலம் போனா டில்லிக்குப் பதினஞ்சு வயசு ஹார்லன், அப்ப யாரைக் கூட்டிட்டுப் போவ, பூனையவா?”

பக்கத்துப் படகில் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது, கேட்கிறார்கள், கேட்கட்டும், அனகோர்ட்டஸில் படகுகளைக் கரையேற்றி நிறுத்தும் இந்த முற்றத்தில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்ன புதிதா, தூறலும் சண்டையும் இங்கே நாள் தவறாது... ஜூனில் பள்ளி மூடியதும் கிளம்ப வேண்டும், கரையை ஒட்டியே வடக்கே அலாஸ்கா வரை, குளிர் வந்ததும் திரும்பித் தெற்கே, ஒரு முழு வருஷம், மூன்று பேரும். இந்த வருஷம்னா வரேம்மா என்றுதான் மகள் டில்லி சொன்னாள், அடுத்த வருஷத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பதிமூன்று வயதுக்காரி சொல்லாமல் விட்டதைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று இவருக்கு யார் சொல்வது... கைக்கு எட்டுகிற விலையில் இருந்தவை இரண்டே படகுகள். ஒன்று இவர் மயங்கி நிற்கும் அந்தத் தேக்குத்தள அழகி, வளைந்த மூக்கும் பித்தளைச் சன்னல்களுமாக, அந்த நீளத்துக்கு அந்த விலையா என்று எவரும் வாயைப் பிளப்பார்கள், ஆனால் அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. இந்த முற்றம் முழுக்க அப்படி ஒரு குளிர்காலம் என்று வந்தவர்கள்தானே, நீலத் தார்ப்பாய்க்குள் படகு, முட்டுக்கால்களைச் சுற்றி பிளாக்பெர்ரி முள்கொடி, உள்ளே தலை நரைத்துப்போன ஒரு மனிதர், இந்த வேனிலுக்குக் கிளம்பிருவேன் என்பார், அவரிடம் எந்த வேனில் என்று கேட்கிற வழக்கம் இங்கே இல்லை... மற்றது இதோ இந்தப் பச்சை. ஆஸ்பத்திரிச் சுவருக்கு அடிக்கிற பச்சை. குட்டையாய், வயிறு பெருத்து, ஐயோ பாவம் என்று பார்க்கிற மாதிரி... டில்லி அதற்குள் மேல்தளத்துக்கே ஏறிவிட்டாள், லோர்னாவும் ஏணியில் கால் வைத்துவிட்டாள், ஹார்லன் பையிலிருந்து அந்தச் சின்னச் சுத்தியலை எடுத்தார், தட்டிப் பார்க்காமல் எதையும் ஒத்துக்கொள்கிறவரா அவர்.

உள்ளே இறங்கியதும் மண்ணெண்ணெயும் காப்பியும் கலந்த வாசனை, படகை விற்கிற அஸ்ட்ரிட் அடுப்போரம் உட்கார்ந்து ஊசியால் எதையோ தைத்துக்கொண்டிருந்தாள், எழுபதைத் தாண்டியவள், எழுந்திருக்கவும் இல்லை, புகழவும் இல்லை. பாரு, தொடு, திற, எல்லாம் திறக்கும் என்றாள், அவ்வளவுதான். லோர்னா தொட்டாள்... மேசையின் மூலை மழுங்கியிருந்தது, கதவின் மூலையும், படுக்கைச் சட்டமும், ஒரு குழந்தையின் நெற்றி உயரத்தில் இருந்த அத்தனை மூலையும், யார் இப்படி ஒவ்வொன்றாய் இழைத்தது, எந்த அழுகைக்குப் பிறகு எந்த மூலை? படகு சாய்ந்தால் கை தன்னால் எங்கே போகுமோ அங்கே ஒரு பிடி. எஞ்சினை எந்தப் பக்கத்திலிருந்தும் எட்டலாம், மற்றப் படகுகளில் ஹார்லன் தொங்குவதுபோல முதுகை ஒடித்துத் தலைகீழாய்த் தொங்க வேண்டாம். அடுப்புக்கு எதிரே அகலமான ஒரு கித்தான் பட்டை தொங்கியது, இது என்ன... இடுப்பைச் சுற்றிக் கொக்கியில் மாட்டிப் பின்னால் சாய்ந்தாள், அம்மாடி, தாங்கிக்கொண்டது, இரண்டு கையும் சும்மா இருந்தது, கடல் எப்படிப் புரட்டினாலும் இங்கே நின்று ஒருத்தி கஞ்சி காய்ச்சலாம், காய்ச்சியிருக்கிறாள். எவ்வளவு யோசித்திருக்கிறாள் இந்தப் பொம்பளை, ஒரு சட்டத்துக்குக்கூடப் பளபளப்பு இல்லை, ஆனால் எதுவும் சும்மா இல்லை...

“அழகில்லதான்,” என்றாள் அஸ்ட்ரிட், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டு. “என் பெரியவ இதுக்குத் தவளைன்னே பேரு வச்சா. ஆனா போனோம், வந்தோம். மூணு பிள்ளைகளையும் எண்ணித் திரும்பக் கொண்டாந்து எறக்குனேன். வேற என்ன வேணும் ஒரு படகுக்கு?”

டொக். வெளியே சுத்தியல் ஆரம்பித்திருந்தது. டொக், டொக்... பட்டையைக் கழற்ற மனமில்லாமல் சாய்ந்தபடியே கேட்டாள், படகின் ஃபைபர் உடம்பு உறுதியாக இருந்தால் டொக், உள்ளே நீர் புகுந்திருந்தால் தொப், அதைக் கேட்கிற காது இந்தக் கரையில் ஹார்லனுக்குத்தான், நோயாளியின் முதுகில் வைத்தியர் தட்டுவதுபோலக் கன்னத்தை ஒட்டவைத்துத் தட்டுவார், விரலிடுக்கெல்லாம் பிசின் காய்ந்த அந்தக் கைகள்... அந்தக் கைகளைப் பார்த்துத்தானே கட்டிக்கொண்டாள், இன்றைக்கும் கண் அங்கேதானே போகிறது. மூக்கிலிருந்து வால் வரை ஒரு சுற்று, டொக், டொக், எல்லாமே டொக், சபாஷ் தவளையே. சுத்தியல் நின்றது. மறுபடி மூக்கிலிருந்து ஆரம்பித்தது, இந்த முறை மெதுவாக, நெருக்கமாக... ஏன்? எதைத் தேடுகிறார்? ஒரு தொப்புக்காகவா? இதே பயணத்துக்கென்று வாங்கிய முதல் படகை, எஞ்சினே இல்லாமல் வந்ததை, அவர்தான் பிழைக்கவைத்தார், பிழைத்ததும் விற்றார். இரண்டாவதற்குத் தளம் முழுக்கப் புதிதாகப் போட்டார், கடைசிப் பூச்சு காய்ந்த வாரமே விற்றார், வாங்கிய தம்பதி மறுநாளே பாய் விரித்துப் போனார்கள், இவர் கரையில் நின்று கையாட்டினார், எத்தனை சந்தோஷமாக ஆட்டினார்... இதைவிட நல்லது ஒண்ணு பாத்து வச்சிருக்கேன் லோர்னா என்றார், நம்பினாள், நம்பாமல் என்ன. தீவுகளுக்குப் போகிற ஃபெர்ரியில் இவளும் டில்லியும் மேல்தளத்தில் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்க, இவர் உள்ளே காப்பிக் கோப்பையோடு... கடல் தெரிகிற சன்னலுக்கு முதுகைக் காட்டி... எப்போதுமே முதுகைக் காட்டி...

சுத்தியல் நின்றது. ஏணி கிறீச்சிட்டது. வாசலில் அவர் தலை தெரிந்தது, தொப்பியின் விளிம்பில் தூறல் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பொய் போதும் இவருக்கு, சுக்கான் பக்கம் ஒரு மாதிரி சத்தம் வருது என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள், அவர் காதுக்கு எதிராகக் கேட்க இந்த முற்றத்தில் இன்னொரு காது ஏது? அவர் அஸ்ட்ரிடைப் பார்த்தார், பட்டைக்குள் நிற்கும் இவளைப் பார்த்தார்.

“எங்கயும் ஒரு குறை இல்ல. சுத்தமா இருக்கு,” என்றார், துக்கம் சொல்ல வந்தவர் குரலில்.

இப்படி ஒரு மனிதனோடா இத்தனை வருஷம்... உண்மையைத் தவிர வேறொன்றைச் சொல்ல வராத மனிதன், ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லாமல் இரண்டு படகு செய்து முடித்த மனிதன். மேலே டில்லியின் காலடி தடதடவென்று மூக்குப் பக்கம் ஓடியது, அம்மா இங்கேர்ந்து தண்ணி தெரியுது என்றாள். ஹார்லனின் கை வாசல் சட்டத்தில், இழைத்து மழுங்கிய அந்த மூலையில், தன்னையறியாமல் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. லோர்னா கொக்கியைக் கழற்றவில்லை.

“ஹார்லன்... நாங்க கெளம்பும்போது நீயும் வருவதானே?”