டிரைவிங் டீச்சர் அஸ்தமித்த வருடங்கள்

பல்செட்காரரின் மனைவி முதல் தடவை அஸ்தமித்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வாஷிங் மெஷினில் துணி ஓடிக்கொண்டிருந்தபோது. மேற்கு ஜன்னலோரக் குழாயடியில் நின்று வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். வெளியே செம்மை கூடக் கூட அவர் வெளிறிக்கொண்டே போனார். சுவரில் இருந்த விரிசல் அவருடைய தோள் வழியாகத் தெரிய ஆரம்பித்தது. "மெஷின் நின்னா துணிய எடுத்து உதறிப் போடுங்க" என்றார். அதற்குப் பிறகு குழாயடியில் வாளி மட்டும் இருந்தது. பல்செட்காரர் மெஷின் நிற்கும்வரை காத்திருந்து துணியை உதறிப் போட்டார். பிறகு மொட்டை மாடிக்குப் போய் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார். இப்படி நடக்கப்போகிறது என்று அவருக்கு முன்னாலேயே தெரியும். தெரிந்திருந்தது எந்த வகையிலும் உதவவில்லை.

எல்லாம் ஒரு விரலால் வந்த வினை. பல்செட்காரர் பகலெல்லாம் ஊர் டாக்டர்களுக்காக மெழுகில் பல் அடுக்குகிறவர். கை நீளத்துக்கு அப்பால் எதையும் பார்க்காமல் இருபது வருடம் ஓட்டியவர். தூரத்தில் இருப்பதையும் கொஞ்சம் பாருங்கள் என்று கண் டாக்டர் சொன்னதை அவர் அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டு, நட்சத்திரம் பார்க்கிறவர்களின் சங்கத்தில் சேர்ந்துவிட்டார். செல்போன் கடை வைத்திருந்த மச்சினன் அவருடைய போனில் ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தான். போனை வானத்துக்கு நேராகப் பிடித்தால், திரையில் தெரிகிற வானத்தின் மேலேயே பெயர்களும் கோடுகளும் வந்து உட்காரும். மேகம் மறைத்தாலும் கட்டடம் மறைத்தாலும் பின்னால் இருப்பதைக் காட்டும். காலடியை நோக்கிப் பிடித்தால் பூமிக்கு அந்தப் பக்கத்து நட்சத்திரங்களும் தெரியும். தொல்லை ஒன்றே ஒன்று. அவருடைய வேலை மேசையில் தாடை அச்சுகளை நிறுத்தி வைக்கக் காந்தத் தட்டுகள் உண்டு. போனை அவற்றின் பக்கத்திலேயே போட்டுப் போட்டு அதன் திசைகாட்டி குழம்பிப்போயிருந்தது. அதனால் செயலி ஒவ்வொரு முறையும், தெரிந்த நட்சத்திரம் ஒன்றைத் தொடவும் என்று கேட்கும். அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது சித்திரை மட்டும்தான். அன்றைக்கு அது கிழக்குக் கைப்பிடிச் சுவருக்கு மேலே வெள்ளையாக நின்றது. அவர் விரலை நீட்டிய நேரம் பார்த்து, காய்ந்த துணியை எடுக்க வந்த மனைவி குறுக்கே நடந்தார். விரல் பட்ட இடத்தில் நட்சத்திரம் இல்லை, மனைவி இருந்தார். சித்திரை பதிவாகிவிட்டது என்றது செயலி.

அந்த அம்மாளை ஊரே டிரைவிங் டீச்சர் என்றுதான் சொல்லும். பாதி ஊருக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அவர் போட்ட சத்தத்துக்குப் பயந்தே பலரும் ஒழுங்காக பிரேக் போட்டார்கள். பதிவான மறுநாளிலிருந்து அவரிடம் சில மாறுதல்கள் தெரிந்தன. கரண்ட் போன வேளைகளில் அவரைச் சுற்றி ஒரு முழத்துக்கு வெளிச்சம் இருந்தது; மகள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். போனை அவர் பக்கம் திருப்பினால் தலைக்கு மேலே சித்திரை என்றும், தொலைவு இருநூற்றைம்பது ஒளியாண்டு என்றும் எழுத்து வந்தது. அப்போது அவர் சமையலறை வாசலில்தான் நின்றிருந்தார். இருட்டத் தொடங்கும் நேரத்தில் முதல் மாதம் கிழக்குப் பக்க பால்கனியில் இருந்தவர், அடுத்தடுத்த மாதங்களில் கூடத்துக்கும், பிறகு மேற்கு ஜன்னலுக்கும் தன்னையறியாமல் நகர்ந்துகொண்டே போனார். சாயங்கால வகுப்புக்கு வந்தவர்கள் எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடைசியில் மேற்கு ரோட்டில் போய் நின்றார்கள்.

சங்கச் செயலாளர் தொழிலில் ஏ.சி. மெக்கானிக். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். சித்திரை சாயங்காலத்தில் மேற்கே இறங்கிக்கொண்டே வரும். ஒருநாள் சூரிய வெளிச்சத்துக்குள் போய்விடும். ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் விடியற்காலையில் கிழக்கே வரும். "நட்சத்திரம் வரும்ங்க, அதுல சந்தேகமே இல்ல. டீச்சரைப் பத்தி எனக்குத் தெரியாது" என்றார். பதிவை எடுத்துவிட்டால் ஆயிற்று என்றான் மச்சினன். ஒரு பட்டன்தான். ஆனால் அதை அழுத்தப் போனால், பதிவானவை அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா என்று செயலி கேட்டது. அழிக்கப்படும் என்ற அந்தச் சொல்லைப் படித்துவிட்டு யாருக்கும் கை வரவில்லை. தைரியசாலியான மச்சினனே போனை மெதுவாக மேசைமேல் வைத்தான்.

டீச்சர் மறைந்த பிறகு வீட்டில் முதலில் போனது தூக்கம், அடுத்தது பசி. பல்செட்காரர் போனைச் சார்ஜரிலிருந்து எடுக்கவே பயந்தார். புதுப்பிக்கவா என்று செயலி கேட்கும்போதெல்லாம், பிறகு என்பதையே அழுத்துவார். புதுப்பித்தால் பதிவு போய்விடுமோ, புதுப்பிக்காவிட்டால் செயலியே நின்றுவிடுமோ என்று இரண்டு பக்கமும் பயம். போனில் யார் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. வேலையில் கவனம் இல்லாமல் ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியருக்கு இரண்டு பல் அதிகமாக வைத்து அனுப்பிவிட்டார். அந்த மனிதர் ரொம்ப மரியாதைக்காரர், அப்படியே போட்டுக்கொண்டு சிரித்தார். பகலில் போனை சூரியன் பக்கம் காட்டினால், அந்த வெளிச்சத்துக்கு ஒட்டினாற்போல் சித்திரை என்று பெயர் தெரியும். உற்றுப் பார்த்தால் எழுத்துக்குக் கீழே, இடுப்பில் கைவைத்து நிற்கிற ஒரு சின்ன உருவம். இருட்டிய பிறகு அது தரைக்குள் இறங்கிவிடும். ஏழு மணிக்கு மேற்குச் சுவரோரம், எட்டுக்கு மேல் சோபாவுக்கு அடியில், அப்புறம் சாப்பாட்டு மேசைக்கு நேர் கீழே. கீழ் வீட்டுக்காரர் தன் சமையலறையில் அப்படி யாரும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்து உறுதி சொன்னார்.

மகளுக்கு அப்போது பதினான்கு வயது. தரையில் அம்மா இருக்கும் இடத்தைப் போனில் பார்த்து, அங்கே பாயைப் போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். பெயர் நகர்ந்தால் பாயையும் இழுத்துக்கொள்வாள். அழவில்லை. ஒருநாள் மட்டும், "அப்பா, அம்மா மேல படுத்துக்கிட்டா அவங்களுக்கு கனமா இருக்குமா?" என்று கேட்டாள். பல்செட்காரர், "இருக்காதும்மா" என்றார். சொல்லிவிட்டு வேலை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார்.

மச்சினன் மூன்றாவது வாரத்தில் பொறுமை இழந்தான். "மாமா, போதும். அழிச்சிடுங்க. அக்கா தானா இங்க வந்துடுவாங்க."

"வரலன்னா?"

"ஏன் வராம போவாங்க?"

"இப்ப அவ எங்க இருக்கான்னாவது தெரியுது. அதுவும் போச்சுன்னா நான் எங்கடா போயி தேடுவேன்?"

அதற்கப்புறம் பல்செட்காரர் போனைப் பல் வைக்கிற பெட்டிக்குள் பூட்டி, சார்ஜர் ஒயர் போக மட்டும் ஓட்டை போட்டார்.

வரவேண்டிய வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கிழக்கே மேகம் கரியாக அப்பிக் கிடந்தது. மேகம் விலகிய சிறு இடத்தையும் புதிதாகக் கட்டிய வங்கிக் கட்டடம் மறைத்தது. விடியற்காலையில் அப்பாவும் மகளும் மொட்டை மாடியில் ஒரே குடைக்குள் நின்று போனைப் பிடித்தார்கள். சித்திரை என்ற எழுத்து வங்கியின் நாலாவது மாடிக்குள் ஏறி, ஐந்தாவது மாடிக்குப் போய், மொட்டை மாடிக்கு மேலே வந்து நின்றது. எழுத்துக்குக் கீழே உருவம் இல்லை. மகள் குடையை மடக்கினாள். இருவரும் நனைந்துகொண்டே படியிறங்கியபோது டீச்சர் கீழே கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். "ரெண்டு பேரும் மழையில என்ன பண்றீங்க? மாடிக் கதவச் சாத்தினீங்களா இல்லையா?" என்றார். அவர்மேல் விழுந்த மழை அப்படியே ஆவியாகிப் போனது. மகள் கட்டிக்கொண்டபோது, அப்போதுதான் தேய்த்து மடித்த துணி போலச் சூடாக இருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் பல்செட்காரர் போனை மேசைமேல் வைத்தார். "இப்ப நீ என் எதிர்லயே இருக்க. இப்ப அழிச்சா ஒண்ணும் ஆகாது. அழிச்சிடலாமா?"

டீச்சர் தட்டை அடுக்கிக்கொண்டே யோசித்தார். "அங்க ரொம்ப வெளிச்சம்ங்க. சத்தமே இல்ல. யாரும் என்னை எதுவும் கேக்கல. நானும் யார் மேலயும் கத்தல." அடுக்கிய தட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு, "இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு மாசம்தானே" என்றார்.

"அப்ப நாங்க?"

"நீங்க இங்கதானே இருப்பீங்க."

பல்செட்காரர் கேட்க நினைத்தது அதுவல்ல. எப்படிக் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அதுவரை, தான் செய்த தப்பினால் மனைவி போய்விட்டாள் என்று பயந்தவர், அன்றிலிருந்து வேறு மாதிரி பயந்தார். அகப்பட்டுக்கொண்டு போகிறவள் எப்படியும் திரும்பி வரப் பார்ப்பாள். பிடித்துப்போய்ப் போகிறவள், ஒரு வருடம் அங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தால்? அவளை இழுத்துக்கொண்டு வரத் தன்னிடம் இருக்கிற ஒரே பிடி அந்தப் போன்தான் என்று அவர் நம்பினார்.

அப்புறம் எல்லா வருடமும் அப்படியே நடந்தது. டிரைவிங் ஸ்கூல் வாசலில் விடுமுறைப் பலகை தொங்கியது. லைசென்ஸ் அவசரம் உள்ளவர்கள் டீச்சர் மறைவதற்குள் கற்றுக்கொள்ள முண்டியடித்தார்கள். கீழ் வீட்டுக்காரர் அந்த மாதத்தில் சமையலறையில் குரலைத் தாழ்த்திப் பேசினார், மரியாதைக்கு. மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்குப் போனாள். அங்கிருந்து தன் வீட்டுத் தரையில் அம்மா எந்தப் பக்கம் என்று அப்பாவைக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். செயலியை நடத்திய கம்பெனி கடையை மூடிவிட்டது. மச்சினன் இரண்டு தடவை பேட்டரி மாற்றினான், ஒரு தடவை திரை மாற்றினான். பல்செட்காரருக்கு முடி கொட்டியது. பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொள்கிற மாதிரி அவர் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டார்.

எட்டாவது வருடம், டீச்சர் போய் இரண்டு வாரம் ஆனபோது, ஒரு காலையில் திரை கறுத்தது. மச்சினன் கடையில் பிரித்துப்போட்டுப் பார்த்தான். தெரிந்தவர்களிடம் எல்லாம் கொடுத்துப் பார்த்தான். கடைசியில் மாமாவின் முகத்தைப் பார்க்காமல், "போர்டே போயிடுச்சு மாமா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றான். புதுப் போனில் வேறொரு செயலி ஏற்றினார்கள். அது சித்திரையைத் துல்லியமாகக் காட்டியது. அடியில் யாரும் இல்லை. பல்செட்காரர் கூடத்துத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். டாக்டர்கள் ஆளனுப்பினார்கள், ஊரில் ஏழெட்டுப் பேர் பல் இல்லாமல் கஞ்சி குடித்தார்கள். மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள்.

அந்த வருடம் மழை இல்லை. வரவேண்டிய நாளில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. சித்திரை வங்கிக் கட்டடத்தின் பக்கவாட்டில் சரியான நேரத்துக்கு ஏறியது. எல்லாரும் வெறும் கண்ணாலேயே பார்த்தார்கள். கேட் திறக்கவில்லை. மறுநாளும் நட்சத்திரம் வந்தது, டீச்சர் வரவில்லை. சங்கச் செயலாளர் வந்து, ஏ.சி. ரிமோட்டை எடுத்துச் சும்மா துடைத்து வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது நாள் பல்செட்காரர் மாடிக்கே போகவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து மகளிடம், "தப்பு என்னோடதும்மா. அவளுக்கு அங்கதான் புடிச்சிருந்தது, எனக்கு அப்பவே தெரியும். நான்தான் போனை வச்சு இழுத்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

அன்று வெயில் ஏறிய பிறகு டீச்சர் வந்தார். செருப்பு தேய்ந்து போயிருந்தது, முகம் கறுத்திருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"போன் செத்துப்போச்சு" என்றார் பல்செட்காரர்.

"தெரியும். நடுவுல பிடி விட்டுப்போச்சு. எப்பவும் தானா கொண்டுவந்து விட்டுடும், இந்தத் தடவை எந்தப் பக்கம்னே தெரியல. கேட்டுக் கேட்டு வந்தேன்."

யாரைக் கேட்டார் என்று ஊரில் இன்றுவரை யாரும் விசாரிக்கவில்லை. பல்செட்காரர் மட்டும், "வராமலே இருந்திருக்கலாம்ல?" என்றார்.

"இருந்திருக்கலாம்" என்றார் டீச்சர். தேய்ந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அடுத்த வருடம் பழைய போனும் இல்லை, பதிவும் இல்லை. ஆனாலும் நாள் வந்ததும் டீச்சர் மேற்கு ஜன்னலுக்குப் போய் வெளிறி மறைந்தார். இந்தத் தடவை புதுச் செருப்பு போட்டிருந்தார். டிரைவிங் ஸ்கூலில் பலகை தொங்கியது. பல்செட்காரர் பாக்கியிருந்த பல்லையெல்லாம் முடித்துக் கொடுத்தார். மாதம் கழிந்து ஒரு விடியற்காலை டீச்சர் திரும்பி வந்தபோது அவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். டீச்சர் இரண்டு தடவை பெல் அடிக்க வேண்டியிருந்தது.