மாலைக் கோச்சிக்கு இருபத்தைந்து நிமிஷம்

ஸ்டேஷன் மாஸ்டர் இராஜசிங்கத்துக்கு அந்தப் புதுத் தொலைபேசியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. உக்குவளைக்கும் மாத்தளைக்கும் நடுவிலிருந்த அந்தச் சின்ன ஸ்டேஷனில் அதுவரை அவர் வைத்ததுதான் சட்டம். ஒற்றைத் தண்டவாளத்தில் எந்த ரயில் முந்துவது, எந்தக் கோச்சி ஒதுங்கி நிற்பது என்பதைப் பக்கத்து மாஸ்டர்மாருடன் இரண்டு வார்த்தை பேசி அவரே முடிவு செய்வார். அறுபத்து நாலாம் வருஷம் பிறந்ததும் அந்த அதிகாரம் தொண்ணூறு மைலுக்கு அப்பால், கொன்ட்ரோல் என்ற ஒரே அறைக்குப் போய்விட்டது. இந்த மண்ணை மிதித்தேயிராத ஒரு குரல் உத்தரவு போடும். இவர் "யெஸ் சேர்" சொல்ல வேண்டும்.

முதல் உத்தரவே வயிற்றெரிச்சல். கண்டியிலிருந்து வரும் மாலைக் கோச்சி ஆறு மணிக்கு இங்கே ஒதுங்கி, மாத்தளையிலிருந்து இறங்கும் சாமான் கோச்சிக்காக இருபத்தைந்து நிமிஷம் காத்து நிற்க வேண்டுமாம். பொங்கல் முடிந்த கையோடு நோன்பு மாதமும் பிறந்தது. கண்டியில் யாவாரம் முடித்துப் பசியோடு வீடு திரும்பும் மாத்தளை முஸ்லிம்கள், நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் நேரத்தில் நடுவழியில் நின்றார்கள். ஏச்சு முழுக்க இராஜசிங்கத்துக்கு. எய்தவன் இருக்க அம்பை நோகிறார்களே என்று அவர் புழுங்கினார்.

சாமான் கோச்சியை மாத்தளையிலேயே மறித்து வைக்கும்படி கொன்ட்ரோலுக்கு எழுதினார். தன் ஸ்டேஷனில் ஒதுங்கும் பாதை குட்டை, நீண்ட கோச்சி அதில் அடங்காது என்று கூசாமல் ஒரு பொய்யும் சேர்த்தார். பதில் இல்லை. மறுபடி எழுதினார்.

இதற்கிடையில், ஸ்டேஷன் வாசலில் மிளகு, கறுவா வாங்கி விற்கும் ஸக்கரியா மூன்றாம் நோன்பன்று ஒரு வாளி நோன்புக் கஞ்சியோடு பிளாட்பாரத்துக்கு வந்தார். மறுநாள் இரண்டு வாளி. பத்தாம் நோன்புக்குள் பெரிய சட்டியே வந்துவிட்டது. பாய் விரித்தார்கள். கண்டியிலிருந்து வருகிறவர்கள் பேரீச்சம்பழமும் பெட்டிஸ் பலகாரமும் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். ட்ரைவர் பண்டாவும் இறங்கிவந்து ஒரு கோப்பை வாங்கிக்கொள்வார். மாஸ்டருக்கென்று ஸக்கரியாவின் மனைவி ஹவ்வா இறைச்சி போடாமல் தனிச் சட்டியில் காய்ச்சி அனுப்பினாள். இராஜசிங்கம் அதைச் சொட்டு விடாமல் குடித்தார். குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது கடிதத்தையும் எழுதினார். கஞ்சி வேறு, மானம் வேறு அல்லவா!

பதினேழாம் நோன்பன்று காலை தொலைபேசி அடித்தது. அவருடைய கோரிக்கை ஏற்கப்பட்டதாம். நாளை முதல் மாலைக் கோச்சி அங்கே காத்து நிற்காது.

இராஜசிங்கம் தொப்பியைக்கூட எடுக்காமல் ஸக்கரியாவின் கடைக்கு ஓடினார்.

"ஸக்கரியா, வெண்டிட்டன்! நாளையிலயிருந்து கோச்சி நேரே மாத்தளைக்குத்தான். எல்லாரும் வீட்டிலயே நோன்பு திறக்கலாம்!"

மிளகுச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த ஸக்கரியாவின் கை நின்றது. "நல்லது மாஸ்டர். சனத்துக்கு லேசுதானே."

"பிறகேன் முகம் வாடிப்போச்சு?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர். எங்களுக்குப் புள்ளகுட்டி இல்லயே. பதினெட்டு வருஷமா நானும் ஹவ்வாவும் ஆளை ஆள் பார்த்துக்கிட்டுத்தான் நோன்பு திறந்தோம். இந்த வருஷந்தான் அறுபது பேருக்குக் காய்ச்சுறா. அரிசிய ஊறப் போட்டுட்டு, இன்னைக்கிக் கோச்சி நிக்குந்தானேன்னு நாலு தரம் கேப்பா. அதான் நெனச்சேன்."

இராஜசிங்கம் ஸ்டேஷனுக்கு நடந்தார். திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தார். வென்றதில் ஒரு துளியும் இனிக்கவில்லை. அரை மணி நேரம் தன்னையே திட்டித் தீர்த்துவிட்டு, தொலைபேசியை எடுத்தார். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. நமக்குத் தமிழ் போதும்.

"சேர், அந்த மாலைக் கோச்சி பழையபடி இங்கேயே நிற்கட்டும்."

"ஏன், உமது குட்டைப் பாதை ஒரே நாளில் வளர்ந்துவிட்டதா?"

சுருக்கென்றது. "பாதை எப்போதும் சரியாகத்தான் இருந்தது. நான்தான் பொய் எழுதினேன், சேர்."

வேலைக்கே உலை வைக்கக்கூடிய வார்த்தை. சொல்லிவிட்டார். சொன்ன வேகத்தில் கஞ்சிச் சட்டி, அறுபது பேர், ஹவ்வா, அவள் நாலு தரம் கேட்கும் கேள்வி எல்லாவற்றையும் கொட்டினார்.

"அந்த அம்மா நாளைக்கு எத்தனை மணிக்கு அரிசி ஊறப் போடுவார்?" என்றது குரல்.

"விடிந்ததும் போடுவார், சேர்."

"போடச் சொல்லும். நோன்புப் பெருநாள் வரை கோச்சி அங்கேதான் நிற்கும். இனிப் பொய் எழுதாதேயும்."

மறுநாள் ஆறு மணிக்கு மாலைக் கோச்சி வந்து ஒதுங்கி நின்றது. வெற்றிச் செய்தியை மட்டும் கேள்விப்பட்டிருந்த பயணிகள் ஜன்னல்களில் தலை நீட்டி, இன்னும் ஏன் நிற்கிறது என்று சத்தம் போட்டார்கள். இராஜசிங்கம் பிளாட்பாரத்தின் நடுவில் வந்து, நெஞ்சை நிமிர்த்தி, தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக எந்த உத்தரவையும் சொன்னதில்லை என்பதுபோல் கத்தினார்.

"கொன்ட்ரோல் ஓர்டர்! இருபத்தைஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தரும் போகேலாது. இறங்கி வந்து இருங்கோ!"