சோப்பு அலமாரியின் பூட்டு

"மாமா, அந்த சோப்பு அலமாரிச் சாவியக் குடுங்க."

கேட்டுவிட்டேன். "லீவு கேளு, சம்பளம் கேளு, கோவிச்சுக்கிட்டு வீட்டுக்குக்கூட வந்துடு. சாவிய மட்டும் அவன்கிட்டக் கேட்டுடாத" என்று இந்தச் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்ட அன்றே அம்மா சொல்லியிருந்தாள். மாமாதான் முதலாளி, அம்மாவின் தம்பி. தம்பியைப் பற்றி அக்காவுக்குத் தெரியாதா? ஆனால் அன்று காலை இங்கே நடந்த கூத்தை அம்மா பார்க்கவில்லை.

நாங்கள் துவைப்பது ஆஸ்பத்திரித் துணி. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சை அங்கி. ஆளை விழுங்குகிற அளவில் மூன்று மெஷின்கள். அவற்றுக்கான சோப்புத்தூள் ஓர் இரும்பு அலமாரியில். அலமாரியின் சாவி மாமாவின் இடுப்பில். ஒவ்வொரு தடவையும் மாமாவே எழுந்து வந்து, பூட்டைத் திறந்து, கரண்டியால் அளந்து போட்டு, மறுபடி பூட்டிவிட்டுப் போவார். எப்போதோ யாரோ அள்ளிக் கொட்டி வீணாக்கினார்களாம். அந்த யாரோ வேலையை விட்டுப் போய் பேரன் பேத்தி எடுத்திருப்பார். பூட்டு மட்டும் போகவில்லை.

அன்று மாமா பல் பிடுங்கப் போனார். சாவியும் கூடப் போயிற்று.

மெஷின்களில் துணியை அடைத்துக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள், வராத பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி. மெஷின்காரர் ஸ்டூலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் நடக்கிற வேகத்தைப் பார்த்து யாரோ கிண்டலாக 'புயல்' என்று வைத்த பட்டம் அவருக்கு நிலைத்துவிட்டது. இஸ்திரி அக்காவின் தேய்க்கிற உருளை சூடேறி, துணியில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் துணிக்குப் பொறுப்பானவர் போன் செய்தார். "அங்கி இல்லாம டாக்டர் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறார். இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறோம்."

அவர் போனால் இந்தக் கூடமே போன மாதிரி. எங்களுக்கு இருப்பது அந்த ஓர் ஆஸ்பத்திரிதான். போனை எடுத்தவள் நான். மேனேஜர் என்று என் அறைக் கதவில் பலகை மாட்டியிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள், அதிலும் நிர்வாகம் படித்தவள், ஒரு கரண்டி சோப்புத்தூளுக்கு வக்கில்லாமல் போனில் கெஞ்சினேன்.

அதனால்தான் ஒரு கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு மாமா உள்ளே நுழைந்ததுமே எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"ன்னது?" என்றார் பஞ்சுக்குள்ளிருந்து.

"சாவி. ஒரு பல்லுக்கே இந்தப் பாடு. இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு மாமா. ஒவ்வொண்ணுக்கும் நோயாளிங்க அழுக்குத் துணியிலயே படுக்கணுமா?"

புயல் சிரித்துவிட்டு, இருமுவதுபோல் நடித்தார். மாமா விரலை உயர்த்தினார். பெரிய பிரசங்கம் வரப்போகிறது என்று தெரிந்தது. வாயைத் திறந்தவர் வலியில் அப்படியே மூடிக்கொண்டார். பஞ்சு மட்டும் இல்லையென்றால் நான் தோற்றிருப்பேன். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து மேஜைமேல் எறிந்துவிட்டு ஏதோ முனகினார். "ரெண்டே நாள்ல நீயே கொண்டாந்து குடுப்ப" என்று இஸ்திரி அக்கா எனக்கு மொழிபெயர்த்தாள்.

கொண்டு போய்க் கொடுக்கவில்லை. அதைவிட மோசம், அந்தச் சாவி எனக்குப் பிடித்துப்போயிற்று. இடுப்பில் சொருகிக்கொண்டேன். நடந்தால் சத்தம் வந்தது. "பாப்பா, சாவி" என்று கூப்பிட்டால் சாப்பிடுகிற கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். புயல் ஒருநாள் கரண்டியை எடுக்கப் போனார். "இருங்க, நான் போடறேன்" என்று வெடுக்கென்று பிடுங்கினேன். அவர் ஸ்டூலுக்குப் போய்விட்டார்.

பிறகு ஒருநாள் கழிப்பறைக்குள் இருக்கும்போது கதவைத் தட்டினார்கள்.

"பாப்பா, சோப்பு."

"இருங்க."

"மெஷின் நிக்குது பாப்பா."

நிர்வாகவியல் பட்டதாரி கழிப்பறையில் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். வந்த ஆத்திரத்தில், மாமாமேலா என்மேலா தெரியவில்லை, சாவியைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

வெளியே வந்தபோது தரையெல்லாம் நுரை. மெஷின் கதவு வழியே பொங்கிக்கொண்டிருந்தது. "யாரு இவ்வளவு போடச் சொன்னது?" என்று கத்த வாய் வரை வந்துவிட்டது. அது மாமாவின் வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல். விழுங்கினேன்.

புயல் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு துடைப்பத்தால் நுரையைச் சாக்கடைக்குத் தள்ளினார். அவ்வளவு வேகமாக அவர் நகர்ந்து நான் பார்த்ததில்லை. "கை கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு பாப்பா. இன்னொரு தரம் அலசப் போட்டாச்சு."

"விரிப்பு லேட்டாகும்னு வண்டிக்காரர்கிட்ட சொல்லிட்டேன். அங்கிய முதல்ல ஏத்திக்கிட்டிருக்கார்" என்றாள் இஸ்திரி அக்கா, தலையைக்கூடத் தூக்காமல்.

நான் செய்ய மிச்சம் ஒன்றுமில்லை.

மாமா செருப்பு நனைய வந்து நின்றார். கன்னம் வற்றியிருந்தது, குரல் திரும்பியிருந்தது. "பாத்தியா? இதுக்குத்தான் பூட்டு."

"பூட்டியிருந்தா இந்நேரம் எல்லாரும் உக்காந்திருப்பாங்க மாமா. நுரையத் துடைச்சுடலாம். உக்காந்துட்டவங்களை என்ன பண்றது?"

"யாராச்சும் வழுக்கி விழுந்தா?"

"முதல்ல நீங்க அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார்.

மறுநாள் பூட்டைக் கழற்றினேன். புயலே கரண்டியில் சிவப்புப் பெயிண்டால் கோடு இழுத்தார். பாதி மெஷினுக்கு ஒரு கோடு, முழு மெஷினுக்கு ஒரு கோடு. மாமா கொஞ்ச நாளைக்கு இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே திரிந்தார். அப்புறம் ஒருநாள் காலையில் மேஜை முன் உட்கார்ந்து டீயைச் சூடாகவே குடித்து முடித்தார். எனக்கு நினைவு தெரிந்து அவர் டீ ஆறித்தான் போகும்.

அதே வாரம் ஆஸ்பத்திரிக்காரர் திரும்பவும் கூப்பிட்டார். புதுக் கட்டடம் திறக்கிறார்களாம். அதன் துணியையும் எடுக்க முடியுமா, நேரில் வந்து சொல்லுங்கள் என்றார். அவர் சொன்ன நாள், மாமாவுக்கு இரண்டாவது பல் பிடுங்குகிற நாள்.

"நானும் இல்ல, நீயும் இல்ல. யாரு பாத்துப்பா?" என்றார் மாமா.

"அவங்கதான்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகும். துடைப்பாங்க."

"உனக்குப் போன் பண்ணச் சொல்லு."

"என் போனையே மேஜைமேல வச்சுட்டுத்தான் போறேன்."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச கொழுப்பு."

"குடும்பத்துல இதுதான் முதல் கொழுப்பு மாமா. கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்கும்."

அவர் சிரிக்கப் போய், பல்லைப் பிடித்துக்கொண்டார்.

போனை மேஜைமேல் வைத்தேன். பழைய பூட்டு என் பைக்குள் கிடந்தது. போகிற வழியில் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுப் போவதாக உத்தேசம். புதுக் கட்டடத்துக்குச் சரி என்று சொல்லப்போவதையும் நேற்றே முடிவு செய்துவிட்டேன். மாமாவிடம் அதை மட்டும் கேட்கவில்லை.

வாசல்படி இறங்கும்போது உள்ளே ஒரு மெஷின் நின்றது. என் கால் பழக்கத்தில் தயங்கியது. "ஏய் புயல்" என்று இஸ்திரி அக்காவின் குரல் கேட்டது. அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்க நான் நிற்கவில்லை. தெருவில் இறங்கி நடந்தேன்.